காட்டுக்குள் ரயில் கோடு

கேள்வி: காட்டிலாகாவில் வேலை பார்த்த தாத்தாவின் டிரங்குப் பெட்டியில், துணி ஒட்டிய பழைய டோபோ ஷீட் (மேடு பள்ளம் காட்டும் சர்வே மேப்) ஒன்று கிடைத்தது. மூலையில் 58 பி/15 என்று இருக்கிறது. வால்பாறை தெரிகிறது, பறம்பிக்குளம் அணையைக் காணோம். மேற்கு ஓரத்தில் ரயில் பாதை போல ஒரு கோடு! அடி ஓரத்தைப் பூச்சி அரித்துவிட்டதால் வருஷம் தெரியவில்லை. அந்தக் காட்டில் ரயிலா? மேப்பை லேமினேட் செய்துவிடட்டுமா?
– ஒரு வாசகி, உடுமலைப்பேட்டை

பதில்: லேமினேஷன் மட்டும் வேண்டாம்மா. நீலகிரி ஷீட் ஒன்றை அப்படிக் கடையில் கொடுத்து இழந்தவன் நான். சூட்டில் மடிப்புகள் கருத்துப்போயின. பிளாஸ்டிக்கைப் பிரித்தால் காகிதமும் கூடவே வருகிறது. செலோடேப்பும் கூடாது. ஸ்கேன் எடுத்துக்கொண்டு, இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவில் மடிக்காமல் வையுங்கள்.

சரி, அந்தக் கோடு. ரயிலேதான்! கொச்சி சமஸ்தானம் போட்ட காட்டு டிராம்வே. சாலக்குடியிலிருந்து பறம்பிக்குளம் வரை ஏறக்குறைய 80 கிலோமீட்டர். தேக்கு மரமும் ஈட்டி மரமும் அதில்தான் மலையிறங்கின. சரிவு அதிகமான இடங்களில் கம்பி வடத்தின் ஒரு முனையில் மரம் ஏற்றிய வண்டி, மறுமுனையில் காலி வண்டி. பாரவண்டி இறங்க இறங்க, காலி வண்டி தானே மேலேறும். அந்தப் பாதை தொடரும், மேற்கே அடுத்த ஷீட் 58 பி/11. அது கிடைத்தால் லென்ஸ் வைத்துப் பாருங்கள். பழுப்பு நிறச் சம உயரக் கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பவை) எங்கே நெருங்குகின்றனவோ, அங்கெல்லாம் சரிவு கடுமை.

வருஷத்தையும் இதை வைத்தே ஓரளவு பிடித்துவிடலாம். டிராம்வே ஓடத் தொடங்கியது 1907 வாக்கில், மூடியது 1963-ல். ஆழியாறு, பறம்பிக்குளம் அணைகள் எழும்பியது 1960-களில். டிராம்வே இருந்து அணை இல்லையென்றால், நிலத்தை அளந்தது இடைப்பட்ட காலத்தில். அச்சான வருஷம் பிந்தியும் இருக்கலாம்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். இன்று பறம்பிக்குளம் நீர்த்தேக்கம் நிற்கும் இடத்தில், உங்கள் ஷீட்டில் ஒரு முழுப் பள்ளத்தாக்கே இருக்கும்: நீலக் கோட்டில் ஆறு, புள்ளிக் கோட்டில் ஒற்றையடிப் பாதை, பொடி எழுத்தில் ஊர்ப் பெயர்கள். அந்தப் பெயர்களை ஒன்றுவிடாமல் எழுதி எனக்கு அனுப்புங்கள். அந்தக் காட்டில் வாழும் காடர் பழங்குடிப் பெரியவர்களிடம் காட்டிக் கேட்க வேண்டும்.