மேஜைக்கு அடியில் போன பையன்

வணக்கம் ஐயா,

ஊர் கடலூர். புதுச்சேரியில் ஸ்பீச் தெரபி மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பயிற்சிக்கு வந்த நாலு வயதுப் பையன், படஅட்டையை எடுத்ததும் காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்விட்டான். ‘அடம்’ என்று குறிப்பேட்டில் எழுதினேன். பக்கத்து அறையில் நாற்காலி இழுத்த சத்தம் இரவில்தான் ஞாபகம் வந்தது. சத்தம், தொடுதல் போன்றவை அளவுக்கு மீறியோ குறைவாகவோ உறைக்கிற புலனுணர்வுச் சிக்கல் பற்றி எங்களுக்கு நடந்தது இரண்டே வகுப்பு. அது, அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் வேலை என்கிறார்கள் தோழிகள். நமக்கு எவ்வளவு தெரிந்தால் போதும்?

கே.

அன்புள்ள கே.,

என் அக்கா மகனைக் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ்ஸில் கூட்டிப்போனேன். ஏர்ஹாரன், மேலே ஸ்பீக்கரில் பாட்டு. வீட்டில் வாய் ஓயாதவன், தவளக்குப்பம் தாண்டியும் ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டைக் காலரைக் கடித்துக் கடித்து ஈரமாக்கிவிட்டான். கடற்கரையில் காந்தி சிலைப் பக்கம் கருங்கல்லில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். அப்புறம் அவனாகவே “மாமா, அலை” என்றான். அந்த அரை மணி நேரத்தைப் பயிற்சி அறையில் யாரும் அவனுக்குக் கொடுத்ததில்லை. ‘ஒத்துழைப்பதில்லை’ என்றுதான் எழுதிக் கொடுத்தார்கள். இன்னும் மனது ஆறவில்லை.

புலனுணர்வுச் சிக்கலை ஆராயும் துறைக்கு வழி போட்ட ஜீன் ஏர்ஸ் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்தான். அவருடைய முக்கியமான புத்தகம் 1972இல் வந்தது. கண், காது மட்டுமில்லாமல் உடம்பின் சமநிலை, தசையும் மூட்டும் தரும் உணர்வு எல்லாவற்றையும் மூளை எப்படிக் கோர்க்கிறது என்று பார்த்தவர். சத்தம் தாங்காத அதே குழந்தை, விழுந்து அடிபட்டாலும் அழாமல் இருக்கலாம். ஊஞ்சலும் மற்ற பயிற்சிகளும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் பொறுப்பு, சரி. ஆனால் குழந்தை பேசுவதும், குழைந்த சாதத்தைத் துப்புவதும் உங்கள் கண்முன்தானே நடக்கிறது? கவனித்துச் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

அதற்காக அவசரப்பட்டுப் பெயரும் வைத்துவிடாதீர்கள். புலனுணர்வில் வரும் மிகையும் குறைவும் 2013இல் அமெரிக்க மனநலக் கையேட்டில் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்ந்தன. தனி நோயாக அதில் இல்லை. காதைப் பொத்துகிற பிள்ளைக்கும் செவித்திறன் சோதனை கட்டாயம் வேண்டும்; காது மந்தமாக இருந்தாலும் பெரிய சத்தம் தாங்காமல் போவதுண்டு. மிக்ஸி ஓடினால், முடி வெட்டினால், சட்டை லேபிள் கழுத்தில் உரசினால் என்ன செய்கிறான் என்று அம்மாவிடம் கேளுங்கள்.

‘அடம்’ என்பதை அடித்துவிட்டு, ‘நாற்காலி இழுத்த சத்தம், காதைப் பொத்தினான், மேஜைக்கு அடியில் போனான்’ என்று எழுதுங்கள். அடுத்த முறை அவன் உள்ளே போனால் நீங்களும் தரையில் உட்காருங்கள். அட்டை பையிலேயே இருக்கட்டும்.