பட்டறை பதில்கள்: பிக்கப் என்றால் என்னவென்று தெரிந்த காலம்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளைப் பற்றியே இருந்தன. அதனால் கார் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டேன். கோவையில் பட்டறை வைத்து நான் பிழைத்ததே இந்த வண்டிகளால்தான். ஆகவே பதில்கள் கொஞ்சம் நீளும்.

என் பேரன் டெட்ராய்ட் பக்கம் வேலை பார்க்கிறான். அங்கே என் வயதுக்காரர்கள் தங்கள் இளமையில் ஓட்டிய மஸில் கார்களைப் பளபளவென்று வைத்திருந்து, கோடையில் வரிசையாக ஓட்டிப் போவதை வீடியோ எடுத்து அனுப்பினான். நம் தலைமுறைக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள ஏதாவது இருந்ததா?
— வாசகர், திருச்சி

இருந்தது ஐயா. ஆனால் நாலு சக்கரத்தில் இல்லை, ரெண்டு சக்கரத்தில்.

உங்கள் பேரன் பார்த்தது உட்வர்டு அவென்யூவாக இருக்கும். ஆகஸ்டு மாதம் அந்தச் சாலை முழுக்கப் பழைய வண்டிகள்தான். மஸில் காரில் பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது. 1964-ல் பான்டியாக் கம்பெனி தன்னுடைய நடுத்தர சைஸ் காருக்குள், பெரிய காருக்குப் போடும் 6.4 லிட்டர் வி8 இன்ஜினை இறக்கி ஜி.டி.ஓ. என்று விற்றது. சாதாரண உடம்பு, பெரிய இன்ஜின், சம்பாதிக்க ஆரம்பித்த பையன் எட்டிப் பிடிக்கக்கூடிய விலை. மற்ற கம்பெனிகளும் அதே வழியில் இறங்கின. அப்புறம் இன்ஷூரன்ஸ் கட்டணம் ஏறியது, புகைக் கட்டுப்பாடு வந்தது, 1973-ல் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. பத்து வருடத்துக்குள் அந்த ஆட்டம் அடங்கிவிட்டது.

நமக்கு அப்போது கார் என்றால் அம்பாசடர், பியட், நம் சென்னைப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மூன்றுமே நல்ல வண்டிகள். ஆனால் மேட்டில் லாரியைத் தாண்ட வேண்டுமென்றால் ஓட்டுபவர் முதலில் மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும்.

கணக்குப்படி பார்த்தால் நம்முடைய மஸில் வண்டி ராஜ்தூத் 350. யமஹாவின் ஆர்.டி. 350-ஐ எஸ்கார்ட்ஸ் கம்பெனி 1983-ல் இங்கே கொண்டுவந்தது. ரெண்டு சிலிண்டர், 347 சிசி, ஆறு கியர், முதலில் வந்த ஹை டார்க் (அதிக இழுவிசை) வண்டியில் 30.5 குதிரைத்திறன். புல்லட் 18 குதிரைத்திறனோடு ஓடிக்கொண்டிருந்த ரோட்டில் இது வந்து நின்றதை யோசித்துப் பாருங்கள். ஜப்பானில் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் இருந்தது. இங்கே ட்ரம் போட்டுக் கொடுத்தார்கள். வேகம் இருந்தது, நிறுத்துவதற்குத்தான் தெம்பு இல்லை. பெட்ரோலும் நிறையக் குடிக்கும், ஸ்பேரும் விலை. மைலேஜ் கேட்டே வண்டி வாங்கும் நாட்டில் அது தாக்குப்பிடிக்கவில்லை. 27 குதிரைத்திறனுக்குக் குறைத்து லோ டார்க் என்று விட்டுப் பார்த்தார்கள். அந்தப் பத்தாண்டு முடியும்போது அதுவும் நின்றுவிட்டது.

ஆனாலும் என் மனசுப்படி அந்த இடம் யமஹாவின் ஆர்.எக்ஸ். 100 பைக்குக்குத்தான். 1985-ல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வந்தது. அதே வருடம்தான் இதுவும் வந்தது. ரெண்டும் ஏறக்குறைய ஒரே சைஸ் இன்ஜின். அதில் ஏழு சொச்சம் குதிரைத்திறன், இதில் 11. எடையோ நூறு கிலோவை ஒட்டித்தான். ராஜ்தூத் 350 பணக்கார வீட்டுப் பையனிடம் இருந்தது. ஆர்.எக்ஸ். 100-ஐ மில் சூப்பர்வைசர் வாங்கினார், பால் சொசைட்டி செக்ரட்டரி வாங்கினார், பேங்க் கிளார்க் வாங்கினார். வேலைக்குப் போகிற வண்டியே வேகமான வண்டியாகவும் இருந்ததுதான் விஷயம். உட்வர்டு அவென்யூக்காரர்கள் சொல்லும் பெருமையும் இதேதான்.

அப்பா ஓட்டிய ஆர்.எக்ஸ். 100, 1989 மாடல், அவர் போனதிலிருந்து மாட்டுக்கொட்டகையில் சாக்குப் போட்டு மூடிக் கிடக்கிறது. விற்றுவிடலாம் என்கிறார்கள் அண்ணன்கள். எனக்கு மனசில்லை. நான் ஸ்கூட்டர் ஓட்டுவேன். இதை ஓட வைக்க முடியுமா, நான் ஓட்ட முடியுமா?
— வாசகி, நாமக்கல்

முடியும் அம்மா. ரெண்டுமே முடியும். விற்க வேண்டாம்.

ஒரே ஒரு வேண்டுகோள்: ஆசையில் யாரும் போய் கிக்கரை மிதித்துவிடக் கூடாது. வருடக்கணக்கில் நின்ற வண்டியில் சிலிண்டர் சுவர் காய்ந்து கிடக்கும், பிஸ்டன் ரிங் ஒட்டியிருக்கும். காய்ந்த சிலிண்டரில் பிஸ்டனை இழுத்தால் கோடு விழும். முதலில் ப்ளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) ரெண்டு மூடி அளவு விட்டு ஒரு ராத்திரி அப்படியே விடச் சொல்லுங்கள். மறுநாள் காலால் மிதிக்காமல் கையாலேயே கிக்கரை மெதுவாக அழுத்தவும். ஒட்டியிருந்த ரிங் இளகி, பிஸ்டன் ஏறி இறங்குவது கைக்குத் தெரியும். ஆயில் ப்ளக் ஓட்டை வழியாகத் துப்பும். முகத்தைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம்.

அடுத்து பெட்ரோல் டேங்க். பழைய பெட்ரோல் பிசினாகி, அடியில் துரு செதில் செதிலாகக் கிடக்கும். டேங்கைக் கழற்றிக் கழுவி, பெட்ரோல் டேப்பின் வலையையும் கார்புரேட்டர் ஜெட்டையும் (பெட்ரோல் பாயும் சின்ன ஓட்டையுள்ள திருகு) சுத்தம் செய்தால்தான் மேற்கொண்டு போகலாம். ஜெட் ஓட்டையில் கம்பி விட்டுக் குத்தும் மெக்கானிக்கைத் தடுத்துவிடுங்கள். ஓட்டை பெரிதானால் பிறகு எப்படித் திருகினாலும் வண்டி சரியாக ஓடாது. காற்றடித்தே சுத்தம் செய்யலாம்.

மூன்றாவதுதான் பலர் விட்டுவிடுவது. இன்ஜினுக்குள் சுழலும் தண்டான கிராங்க்கின் ரெண்டு பக்கமும் ஆயில் சீல் உண்டு. சும்மா நின்ற வண்டியில் அது விறைத்துப் போயிருக்கும். கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயிலை இன்ஜின் உறிஞ்சும். வெள்ளைப் புகை அடங்கவே அடங்காது. மேக்னட் பக்கத்துச் சீல் போனால் காற்றை உறிஞ்சும்; ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் கத்திக்கொண்டே இருக்கும். ரெண்டாவதுதான் ஆபத்து. காற்று கூடிப்போனால் சூடு ஏறி பிஸ்டன் ஜாம் ஆகிவிடும். ரெண்டு சீலையும் கேட்காமலே மாற்றிவிடுங்கள், சின்னச் செலவுதான்.

ஆயில் பம்பையும் பார்க்க வேண்டும். இந்த வண்டியில் ஆயிலுக்குத் தனி டேங்க். ஆக்சிலேட்டர் கேபிள் நடுவில் ரெண்டாகப் பிரியும். ஒன்று கார்புரேட்டருக்கு, இன்னொன்று பம்புக்கு. பம்புக்குப் போகும் குழாயில் காற்று நின்றிருந்தால் ஆயில் இறங்காது, ஓட்டுபவருக்கும் தெரியாது. காற்றை எடுத்த பிறகும், முதல் டேங்க் பெட்ரோலில் மட்டும் லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில் கலந்தே ஓட்டுங்கள். புகை கூடும், பரவாயில்லை. அந்த டேங்க் தீருவதற்குள் பம்ப் வேலை செய்கிறதா என்பது ஆயில் மட்டம் இறங்குவதில் தெரிந்துவிடும்.

நீங்கள் ஓட்டுவதைப் பற்றி. எடை குறைந்த வண்டி, சீட்டும் உயரமில்லை. கியர் வண்டிக்கான லைசென்ஸ் உங்களிடம் இருக்க வேண்டும், அது முக்கியம். ஸ்கூட்டர் பழக்கத்தில் ஆக்சிலேட்டரை ஒரேயடியாக முறுக்க வேண்டாம். பாதி முறுக்கும் வரை சாதுவாக இருந்துவிட்டு, அதற்குமேல் சட்டென்று பாயும். ஆர்.சி. புக் அப்பா பெயரிலேயே இருந்தால், அண்ணன்களிடம் சம்மதக் கடிதம் வாங்கி உங்கள் பெயருக்கு மாற்றுவதையும் இப்போதே தொடங்குங்கள். பதிவைப் புதுப்பிக்கும்போது பசுமை வரியும் கட்ட வேண்டியிருக்கும்.

காலேஜ் படிக்கிறேன் அண்ணா. ஆர்.எக்ஸ். 135 வாங்கியிருக்கிறேன். சைலன்சரின் உள்குழாயை எடுத்துவிட்டால் சவுண்டும் வரும், பிக்கப்பும் கூடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எடுக்கலாமா?
— வாசகர், மதுரை

கூடாது தம்பி. இதில் எனக்கு ரெண்டாவது பேச்சே கிடையாது.

டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சர் என்பது வெறும் சத்தம் குறைக்கும் குழாய் இல்லை, இன்ஜினின் ஒரு பாகம். இதில் புகை வெளியேறும் வழியில் வால்வு கிடையாது. புகை வெளியேறும் துளை திறந்திருக்கும்போதே புதுப் பெட்ரோல் காற்றும் உள்ளே வருகிறது. அதில் கொஞ்சம் எரியாமலே வெளியே ஓடப் பார்க்கும். சைலன்சர் நடுவில் பருத்துப் பின்னால் ஒடுங்குவது எதற்கு? புகையின் அழுத்தம் அந்த ஒடுங்கிய இடத்தில் மோதித் திரும்பி வந்து, ஓடிப்போகப் பார்த்த பெட்ரோலை சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும். எந்த வேகத்தில் திரும்ப வேண்டும் என்பதை அந்தக் குழாயின் நீளமும் சாய்வும்தான் தீர்மானிக்கின்றன. உள்குழாயை எடுத்து அந்த அமைப்பைக் கெடுத்தால் சத்தம் மட்டும்தான் கூடும், கீழ் ஆர்.பி.எம்.-மில் இருந்த இழுவையும் போய்விடும்.

பிக்கப் குறைந்தது போல் இருந்தால், உள்குழாயை உருவி அடைத்திருக்கும் கார்பனைச் சுரண்டிவிட்டு மறுபடி மாட்டுங்கள். பாதி வண்டிகளுக்கு இதுவே போதும். ப்ளக் நுனி காப்பித்தூள் நிறத்தில் இருந்தால் கலவை சரி. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். இப்போது பங்க்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருவதால் இந்த வெளுப்பு அதிகமாகத் தெரிகிறது. மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்ற வேண்டியிருக்கலாம்.

அனுமதி இல்லாமல் வண்டியை இப்படி மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுக்கும் விரோதம். சட்டத்தை விடுங்கள், அந்த நல்ல சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள் என்பதுதான் என் வருத்தம். கம்பெனி சைலன்சரோடு, மூன்றாம் கியரில், காற்று எதிர்க்காத ரோட்டில் ஒரு தரம் முழுசாக இழுத்துப் பாருங்கள். அந்த ரீங்காரத்துக்காகத்தான் நாங்கள் இந்த வண்டிகளை விரும்பினோம்.

இண்ட்-சுசுகியா, ஆர்.எக்ஸ். 100-ஆ? ஒரு வரியில் பதில் வேண்டும்.
— வாசகர், ஓசூர்

உங்கள் ஊர் வண்டியான இண்ட்-சுசுகி ஒரு வருடம் முன்னால், 1984-லேயே வந்து வழி திறந்தது, வீட்டுக்கு அடக்கமான வண்டி. மனசு கேட்டது ஆர்.எக்ஸ். 100-ஐ.

சிறுவனாக இருந்தபோது மாமா சோழவரம் பந்தயத்துக்கு அழைத்துப் போவார். வெயிலும் ஆயில் வாசனையும்தான் நினைவில் இருக்கிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்களேன்.
— வாசகர், செங்கல்பட்டு

சோழவரம் பந்தயத்துக்காகக் கட்டிய இடமே இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம். போர் முடிந்த பிறகு அந்தக் கான்கிரீட் தளத்தில் வண்டி ஓட்ட ஆரம்பித்தார்கள். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதை நாடு முழுக்கத் தெரியும் பந்தயமாக வளர்த்தது. நிழல் கிடையாது. கார், பைக் ரெண்டும் அதே இடத்தில்.

எங்கள் ஊர் கரிவர்தன் அங்கே ஓட்டியவர். ஓட்டியதோடு நிற்காமல், மாருதி இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்று ஒற்றை சீட் பந்தயக் காரையே கோவையில் வடிவமைத்தார். நம் பையன்கள் கைக்கெட்டும் செலவில் ஃபார்முலா கார் ஓட்ட முடிந்தது அவரால்தான். 1995-ல் சின்ன விமானம் ஒன்றின் விபத்தில் இறந்துபோனார். செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத்தளம் அவர் பெயரில்தான் இருக்கிறது. சோழவரத்துக்குப் பதிலாக இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத்தளம் வந்தது. பாதுகாப்பு என்று பார்த்தால் அதுதான் சரி.

உங்கள் நினைவில் இருக்கும் வாசனை அநேகமாக ஆமணக்கு எண்ணெய். அந்தக் காலப் பந்தய வண்டிகளில் பலரும் ஆமணக்கு எண்ணெய் சேர்த்த ஆயில்தான் ஊற்றுவார்கள். மூக்கில் ஏறினால் மறக்காது.

ஆர்.எக்ஸ். 100 மாதிரி இவ்வளவு நல்ல வண்டியை ஏன் நிறுத்தினார்கள்? மறுபடி தயாரித்தால் என்ன?
— வாசகர், தஞ்சாவூர்

மேலே மதுரைத் தம்பிக்குச் சொன்ன காரணம்தான். எரியாமல் வெளியேறும் பெட்ரோல், அதோடு எரியும் ஆயில். 1996-ல் புகை விதிகள் இறுகின. ஆர்.எக்ஸ். 100 அந்த வருடத்தோடு நின்றது. 135 இன்னும் சில வருடம் தாக்குப்பிடித்தது. அந்தப் புகைக்கு நடுவே நின்று வேலை பார்த்தவன் நான். தெருவெல்லாம் அந்தப் புகை வேண்டாம் என்றே சொல்வேன். இருக்கிற வண்டிகள் ஒழுங்காக இருந்தால் போதும்.

ஆர்.எக்ஸ். 100 ஒன்றுக்கு லட்சத்துக்கு மேல் விலை சொல்கிறார்கள். வாங்கலாமா?
— வாசகர், சேலம்

காசு இருந்து ஆசையும் இருந்தால் வாங்குங்கள். ஆனால் புது பெயின்ட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் ரெண்டையும் ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். எழுத்து ஒன்று உயரம் ஒன்று தாழ்வாக இருந்தால், சுற்றிலும் ராவிய தடம் இருந்தால், திரும்பி வந்துவிடுங்கள். ரெண்டு மூன்று வண்டியைப் பிரித்து ஒன்றாக்கி விற்பவர்கள் இருக்கிறார்கள். "விண்டேஜ் வண்டி சார்" என்று விலையேற்றுவார்கள். சட்டப்படி அதற்கு 50 வயது ஆக வேண்டும், எந்த ஆர்.எக்ஸ். 100-க்கும் இன்னும் ஆகவில்லை. பதிவு புதுப்பித்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பேரம் பேசும் முன் ஒருநாள் விடியற்காலையில் போங்கள். ஆறிக் கிடக்கும் வண்டியை நீங்களே கிக் அடியுங்கள். நல்ல வண்டி சோக் போட்டால் ரெண்டு மூன்று கிக்கில் பிடித்துவிடும். நீங்கள் போவதற்குள்ளேயே ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைத்திருந்தால், வேறு வண்டி பாருங்கள்.