காமாவால் பெருக்குவதா, வகுப்பதா?

கேள்வி: பி.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். கால விரிவுக் கணக்குகளில் (சார்பியல் கோட்பாட்டின்படி, வேகமாக நகரும் கடிகாரம் மெதுவாக ஓடுவது) காமாவால் (எத்தனை மடங்கு மெதுவாக என்று சொல்லும் எண்) எப்போது பெருக்குவது, எப்போது வகுப்பது என்று தேர்வில் தடுமாறுகிறேன். ஒருவரைப் பொறுத்து ஒருவர் நகரும் இருவருமே மற்றவர் கடிகாரம்தான் மெதுவாக ஓடுகிறது என்றால், இரண்டும் எப்படிச் சரியாகும்? (வாசகி, குரோம்பேட்டை)

பதில்: 'நகரும் கடிகாரம் மெதுவாக ஓடும்' என்று மனப்பாடம் செய்வதை முதலில் விடுங்கள். எது நகர்கிறது என்பதே பார்ப்பவரைப் பொறுத்தது. தடுமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது. கணக்கில் வரும் இரண்டு நிகழ்வுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். சீரான வேகத்தில் போய், இரண்டிலும் நேரில் இருந்த கடிகாரம் எது? அது காட்டுவதுதான் குறைந்த நேரம். அதைக் காமாவால் பெருக்கினால் மற்றவருடைய நேரம் வரும்.

சென்னை கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் சுமார் 30 கி.மீ. ஒளிக்கு 100 மைக்ரோவிநாடி. மின்சார ரயில் ஒளியின் வேகத்தில் 80 சதவீதத்தில், எங்கும் நிற்காமல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நிலையக் கடிகாரங்களின்படி பயணம் 125 மைக்ரோவிநாடி. புறப்பாடு, வருகை இரண்டிலும் இருந்தது பயணியின் கைக்கடிகாரம் மட்டுமே. காமா இங்கே 5/3, ஆகவே அது காட்டுவது 75 மைக்ரோவிநாடி.

உங்கள் இரண்டாவது கேள்விதான் அருமையானது. பாடத்தில் பெரும்பாலும் அவசரமாகத் தாண்டிவிடுகிற இடமும் அதுதான். பயணியின் கணக்கில் நிலையக் கடிகாரங்கள் மெதுவாக ஓடுகின்றன. அவருடைய 75-க்குள் அவை ஓடுவது 45 மட்டுமே. ஆனால் தாம்பரத்தில் இறங்கினால் அங்குள்ள கடிகாரம் 125 காட்டுகிறதே! நிலையத்தாருக்கு இரண்டு கடிகாரங்களும் ஒரே நேரம் காட்டுபவை, பயணிக்கு அப்படி இல்லை. அவர் கடற்கரையில் பூஜ்யத்தில் கிளம்பிய கணத்தில், அவர் கணக்குப்படி தாம்பரம் கடிகாரம் ஏற்கெனவே 80 காட்டிக்கொண்டிருந்தது. 80-உடன் 45 சேர்ந்தால் 125. அந்த 80 எங்கிருந்து வந்தது? தூரத்தை வேகத்தால் பெருக்கி, ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பாருங்கள். 'ஒரே நேரத்தில்' என்பது எல்லோருக்கும் பொதுவல்ல என்பதைச் சேர்க்காமல் கால விரிவை மட்டும் தனியாகப் படித்தால், முரண்பாடு போலத்தான் தோன்றும்.

அப்புறம், தேர்வில் அடிக்கடி வரும் மியூவான் (எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் கனமான, சீக்கிரம் சிதைந்துவிடும் துகள்). பிறப்பு, சிதைவு இரண்டிலும் கூடவே இருப்பது அதனுடைய சொந்தக் கடிகாரம். அதன் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோவிநாடி, கால விரிவு இல்லையென்றால் சுமார் 660 மீட்டரே கடக்கும். ஒளிவேகத்தில் 0.998 பங்கு என்றால் காமா ஏறத்தாழ 16. பெருக்கினால் தரைக் கணக்கில் 35 மைக்ரோவிநாடி, சுமார் 10 கி.மீ. வளிமண்டலத்தின் மேல்பகுதியில் பிறப்பவை தரைக்கு வந்து சேர்வது இதனால்தான். ராஸி, ஹால் என்ற இயற்பியலாளர்கள் 1941-இலேயே இதை அளந்து காட்டினார்கள். கேள்வியில் தரை நேரத்தைக் கொடுத்து மியூவானின் நேரத்தைக் கேட்டால், அப்போது வகுங்கள்.