வாங்குபவர் மௌனம் காத்தால்?

கேள்வி: சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் வீட்டை வாங்க ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் வங்கிக் கடன் பற்றி எதுவும் சொல்வதில்லை, தொலைபேசியையும் எடுப்பதில்லை. வேறொருவருக்கு விற்கலாமா?
– வாசகி, டர்பன்

பதில்: அவசரப்பட்டு இன்னொருவருக்குக் கையெழுத்திட்டுவிடாதீர்கள், அம்மா, ஒரே வீட்டை இருவருக்கு விற்ற வழக்கு உங்களுக்கு வேண்டாம். ஒப்பந்தத்தில் கடன் ஒப்புதலுக்குக் குறித்த கடைசி நாளை முதலில் பாருங்கள். அதற்குள் ஒப்புதல் கிடைக்காமலும், அவகாசம் எழுத்து மூலம் நீட்டிக்கப்படாமலும் இருந்தால், ஒப்பந்தம் பொதுவாகத் தானாகவே காலாவதியாகிவிடும். தென்னாப்பிரிக்காவின் 1981ஆம் ஆண்டு நில உரிமை மாற்றச் சட்டப்படி நில விற்பனை எழுத்தில் இருக்க வேண்டும் என்பதால், வாய்மொழி வாக்குறுதியை நம்பிக் காத்திருக்காதீர்கள். கடன் கிடைத்த பின்பும் அவர் பத்திரங்களில் கையெழுத்திடாமல் இழுத்தடித்தால், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவகத்தில் உரிமை மாற்றத்தைப் பதிவுசெய்யும் வழக்கறிஞர் மூலம், ஒப்பந்தத்தில் கண்ட கெடுவைக் குறிப்பிட்டு அறிவிப்பு அனுப்புங்கள். அந்தக் கெடுவும் கடந்தால் ஒப்பந்தத்தை ரத்து செய்ய வழி பிறக்கும்.