பள்ளிக்கூடக் கண்டிப்பும் ஊர்க் களவும்: திருகோணமலைக் கேள்வி பதில்

ஓய்வுபெற்ற நன்னடத்தை உத்தியோகத்தர் ஒருவர் பதில் சொல்கிறார்.

உப்புவெளி: கண்டிப்புக் குறைந்ததால்தானே ஊரில் களவும் போதைத்தூளும் கூடியது?

எந்தக் கண்டிப்பு? பிள்ளையை வீட்டுக்குத் துரத்துவதா? அமெரிக்காவின் சார்லட் நகரில் 2002இல் பாடசாலை எல்லைகளை மாற்றினார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்கூட வேறு வேறு பள்ளிக்கூடங்களுக்குப் பிரிந்தார்கள். வகுப்புத்தடை அதிகம் போடும் பள்ளிக்கூடத்துக்குப் போனவர்கள், வளர்ந்தபின் கைதாகும் வாய்ப்பு 15 முதல் 20 சதவீதம் கூடுதலாக இருந்தது.

இங்கே நான் கண்ட வழி இது. இரண்டு கிழமைத் தடை. வீட்டுக்குச் சொல்லாமல் பெடியன் சீருடையோடு வெளிக்கிடுவான். சேர்ட்டைக் கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டுக் கரைவலை இழுக்கப் போவான். அன்றே கையில் காசு. அதைச் செலவழிக்கப் பழக்க ஒருவன் வந்து சேருவான். தடை முடிகிறபோது இவனுக்கு வகுப்பே வேண்டாம்.

நிலாவெளி, ஒரு தாய்: மகன் தரம் 9. "நீங்களே விலக்குங்கள், இல்லாவிட்டால் பொலிசுக்குப் போவோம்" என்கிறார்கள் பள்ளிக்கூடத்தில்.

விடுகைப் பத்திரம் கேட்டு எழுதிக் கொடுக்காதீர்கள், அம்மா. 16 வயது வரை கல்வி கட்டாயம். தடை என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

கிண்ணியா, ஆசிரியர்: நாங்கள் பிரம்படி வாங்கித்தான் ஆளானோம், சேர்.

ஆளானவர்கள்தான் இங்கே எழுதுகிறீர்கள். அடிக்குப் பயந்து பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டவன் எழுத வரவில்லை. கல்வி அமைச்சின் 2016இன் 12ஆம் இலக்கச் சுற்றறிக்கை அடியைத் தடுக்கிறது.

அதே ஆசிரியர்: அதை எழுதியவர் கடைசிப் பாடவேளையில் வகுப்புக்குள் நின்று பார்க்கட்டும். ஒருவன் கதிரையைத் தூக்கி எறிகிறான். மற்றப் பிள்ளைகள் படிக்க வேண்டாமா?

நியாயம்தான். பள்ளிக்கூடம் நடக்கும் நாட்களில் இளையோர் செய்யும் களவு, உடைப்பு போன்றவை 14 சதவீதம் குறைவதாகவும், அடிதடி 28 சதவீதம் கூடுவதாகவும் ஜேக்கப், லெஃப்கிரன் என்ற இருவர் 2003இல் எழுதினார்கள். அதுவும் அமெரிக்கக் கணக்குத்தான். ஊருக்கு மிச்சமாகும் தொல்லையில் ஒரு பங்கு உங்கள் வளவுக்குள் வருகிறது. அதற்கு ஆளும் தராமல் சுற்றறிக்கை மட்டும் தருகிறார்கள். அந்தக் கோபம் சரி. ஆனால் அவனை வகுப்பிலிருந்து எடுங்கள், பள்ளிக்கூடத்திலிருந்து எடுக்காதீர்கள். நூலகமோ அதிபரின் விறாந்தையோ, கடைசி மணிவரை ஒரு பெரியவரின் கண்ணில் இருக்கட்டும்.

அதே ஆசிரியர்: எங்கள் நூலகத்துக்கு ஆளே இல்லை.

அப்படியானால் வலயக் கல்வி அலுவலகத்தோடு சண்டை பிடியுங்கள், பெடியனோடு அல்ல.

மூதூர்: இரண்டு அடி போட்டால் என்ன?

மேலே கிண்ணியா ஆசிரியருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஓர்ஸ்ஹில்: மகள் டியூஷனுக்குப் போக மறுக்கிறாள்.

அது என் துறை இல்லை, தங்கச்சி.

லிங்கநகர்: பிரம்பை எடுத்தபிறகுதான்...

மறுபடியும் பிரம்பா? இனி அதற்குப் பதில் இல்லை.

சீனக்குடா: பத்து வயதுப் பிள்ளை கடையில் எடுத்துவிட்டான். வழக்கு வருமா?

வராது. தண்டனைச் சட்டக்கோவையின் 2018 திருத்தத்தின்படி 12 வயதுக்குக் கீழே குற்றப்பொறுப்பு இல்லை. இதைச் சாட்டி விடுகைப் பத்திரம் நீட்டினால் வாங்காதீர்கள்.

நிலாவெளித் தாய், மீண்டும்: முறையிட்டால் பிள்ளையைப் பழிவாங்குவார்களே?

சில இடத்தில் நடக்கும். அதனால்தான் வாய்ப்பேச்சு வேண்டாம். வலயக் கல்வி அலுவலகத்தில் கடிதம் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். அப்புறமும் தொந்தரவு என்றால் 1929க்கு எடுங்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் அது.