வால்பாறையில் சோலைக்காட்டு நடுவே, விளக்கடியில் பார்த்த பெரிய கரும்பச்சை விட்டில் எது? அரளியில் வருவதுதானா?

அரளி விட்டிலாகவும் இருக்கலாம். ஆனால் நீங்கள் சொல்லும் கரும்பச்சையும், சுற்றிலும் சோலைக்காடு என்பதும் சேர்ந்தால், அதன் காட்டுப் பங்காளியான டாஃப்னிஸ் ஹைப்போதௌஸ் என்றே எனக்குத் தோன்றுகிறது. இரண்டும் பருந்து அந்துப்பூச்சிகள், ஒரே பேரினம். இறக்கை விரிந்தால் இரண்டுமே சுமார் 10 செ.மீ. வரும், அதனால் அளவை வைத்துப் பிரிக்க முடியாது.

தலையைப் பாருங்கள். அரளி விட்டிலுக்குத் தலையும் கழுத்தும் சாம்பல் கலந்த வெளிர்பச்சை. காட்டு விட்டிலுக்கு அங்கே ஊதா ஓடிய கரும்பழுப்பு. அடுத்து முன்னிறக்கையின் நுனி: காட்டு விட்டிலுக்கு அங்கே சுண்ணாம்பு தொட்டு வைத்தாற்போல ஒரு வெள்ளைப் புள்ளி. நாலைந்து இரவு பறந்து செதில் உதிர்ந்துவிட்டால் புள்ளி மங்கிவிடும், அப்போது தலைதான் சாட்சி. இலை நடுவே உட்கார்ந்தால் கண்ணுக்கே தட்டுப்படாது. விடுதிக்காரர்கள் வெள்ளைச் சுவரில் பளீர் விளக்குப் போடுவதால்தான் நமக்கெல்லாம் தரிசனம். (பார்த்து முடித்ததும் விளக்கை அணைத்துவிடுங்கள், பாவம்.)

அரளி விட்டில் ஊர் சுற்றி. ஆப்பிரிக்காவிலிருந்து தெற்காசியா வரை பரவியிருக்கிறது, கோடையில் ஐரோப்பாவுக்கும் பறந்து போகும். புழுவுக்கு அரளியும் நந்தியாவட்டையும் போதும், அதனால் நம் வாசலிலேயே குடித்தனம். காட்டு விட்டில் அவ்வளவு மேற்கே போவதில்லை. இலங்கை, இந்தியா, நேபாளம், மியான்மர், தென்சீனா, தைவான், மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் என்று கிழக்குப் பக்கமே அதன் நாடு.

காரணம் புழுவின் சாப்பாட்டில் இருக்கிறது என்பது என் கணிப்பு. காட்டு விட்டிலின் புழு காப்பிக் குடும்பத்துச் செடிகளைத் தின்னும், சிங்கோனா உட்பட. கொய்னா மருந்துக்காக 1860களில் வெள்ளைக்காரர்கள் நீலகிரியில் நட்ட அதே மரம்தான். வால்பாறைப் பக்கமும் சிங்கோனா என்றே ஓர் ஊர் உண்டு. வால்பக்கம் கொம்போடு புழு எதையாவது அங்கே கண்டால் பயப்பட வேண்டாம், அந்தக் கொம்பு கொட்டாது.

படம் எடுத்திருந்தால் தலையும் இறக்கை நுனியும் தெரிகிற மாதிரி போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.