போட்டி நிறுவனத்தின் காரை வாங்கிப் பிரித்துப் பார்ப்பது திருட்டு இல்லையா?

இல்லை. காசு கொடுத்து வாங்கிய வண்டியைக் கழற்றிப் பார்ப்பதில் தப்பில்லை. காப்புரிமை உள்ள ஒன்றை அப்படியே நகலெடுத்தால்தான் சிக்கல்.

கடைசி போல்ட் வரை கழற்றி எடை போடுவார்கள். எந்த உலோகம், எப்படிச் செய்தது, எவ்வளவு செலவாகியிருக்கும் என்று கணக்கிடுவார்கள். அப்புறம் தங்கள் வண்டியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். உண்மையான பாடம் அங்கேதான் கிடைக்கிறது.

ஃபோர்டு தலைவர் ஜிம் ஃபார்லி இதை மறைக்காமல் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது. டெஸ்லா மாடல் 3-ஐப் பிரித்த பிறகு, தங்கள் மஸ்டாங் மாக்-ஈ மின்சார காரில் வயரிங் சுமார் 1.6 கிலோமீட்டர் அதிகம் என்று தெரிந்ததாம். கூடுதல் எடை ஏறத்தாழ 32 கிலோ. அந்த எடையை இழுக்கப் பெரிய பேட்டரி வேண்டும். மின்சார காரில் அதிக விலை பேட்டரிக்குத்தானே!